சான்றிதழ் கையில், வேலை எங்கே?

அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளும் தொழிற்சாலைகளும் எமக்குச் சொல்லும் பாடம்

எமது ஊர்களில் தொழிற்பயிற்சி வகுப்புகளுக்குக் குறைவில்லை. தையல், கேக் அலங்காரம், மணப்பெண் அலங்காரம், கணினி என்று மூன்று மாதப் பயிற்சி, ஆறு மாதப் பயிற்சி பற்றிய அறிவித்தல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பயிற்சி முடிவில் ஒரு விழா நடக்கும். பிரதம விருந்தினர் வருவார். சான்றிதழ்களை வழங்கிப் படமும் எடுத்துக்கொள்வார்கள். அதன் பின்னர் அந்தச் சான்றிதழ் ஒரு கோவைக்குள் போய், கோவை அலுமாரிக்குள் போய்விடும். ஒரே பிள்ளை நான்கு பயிற்சிகளை முடித்து, நான்கு சான்றிதழ்களையும் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு, இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கும் வீடுகள் எத்தனையோ உண்டு.

இது பிள்ளையின் குற்றமா? பயிற்றுவித்த ஆசிரியையின் குற்றமா? பெரும்பாலும் இரண்டும் இல்லை. பயிற்சி தொடங்குவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. இந்தப் பயிற்சி முடிந்ததும் வேலை தரப்போகிறவர் யார்? அவருக்கும் இந்த வகுப்புக்கும் என்ன தொடர்பு?

இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளைப் பார்ப்பது பயன் தரும். அது செல்வந்த நாடு என்பதற்காக அன்று. தொழிற்சாலை வேலைக்கு ஆட்களைப் பயிற்றுவிப்பதில் நல்ல வெற்றிகளையும் கசப்பான தோல்விகளையும் அந்த நாடு கண்டிருக்கிறது. எங்கே பயிற்சி வேலையாக மாறியது, எங்கே வெறும் காகிதமாக நின்றது என்பதை அங்கு தெளிவாகக் காணலாம்.

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன?

அமெரிக்காவில் பாடசாலைக் கல்வியை முடித்தவர்கள் நான்கு ஆண்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். அதற்கு வசதியில்லாதவர்கள், புள்ளிகள் போதாதவர்கள், வேலை செய்துகொண்டே படிக்க விரும்புகிறவர்கள், பிள்ளை பெற்ற பின் மீண்டும் படிக்க நினைக்கும் தாய்மார் ஆகியோருக்கு வீட்டுக்குக் கிட்டிய இடத்தில் இரண்டு ஆண்டுக் கல்வி வழங்குவதே சமுதாயக் கல்லூரி. இவற்றுள் மிகப் பழைய அரசாங்கக் கல்லூரி, இலினோய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901 இல் ஆறே ஆறு மாணவர்களுடன் தொடங்கியது. 1947 இல் ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த ஆணைக்குழுவின் அறிக்கை, இத்தகைய கல்லூரிகள் நாடெங்கும் வேண்டும் என்று வற்புறுத்தியது. இன்று அங்கே ஏறக்குறைய ஆயிரம் சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. சில மாநிலங்களில் இவற்றைத் தொழினுட்பக் கல்லூரி என்றும் அழைப்பார்கள்.

ஓர் ஆண்டுக்கான கட்டணம் சராசரியாகச் சுமார் 4,000 டொலர். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் வரும். வருமானம் குறைந்த குடும்பத்தவருக்கு மத்திய அரசின் உதவிப் பணமும் உண்டு. மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். முப்பது, நாற்பது வயதில் வகுப்புக்கு வருவதை அங்கு யாரும் வியப்பாகப் பார்ப்பதில்லை.

ஆனால் கல்லூரி அருகில் இருப்பதும் கட்டணம் குறைவாக இருப்பதும் மட்டும் ஒருவருக்கு வேலையைத் தந்துவிடாது. சமுதாயக் கல்லூரியில் சேர்ந்து இடையிலேயே விட்டுப்போகிறவர்கள் அங்கு மிகப் பலர். இந்தக் குறையைத் தீர்க்கச் சில இடங்களில் தொழிற்சாலைகளே கல்லூரிக்குள் வந்தன.

இரண்டு நாள் வகுப்பு, மூன்று நாள் தொழிற்சாலை

கென்டக்கி மாநிலத்தின் ஜோர்ஜ்டவுன் நகரில் ரொயோட்டா நிறுவனத்தின் மிகப் பெரிய கார்த் தொழிற்சாலை இருக்கிறது. 1988 இல் அங்கு உற்பத்தி தொடங்கியது. காலம் செல்ல, ஆட்களின் கைவேலையோடு றொபோக்களும் கணினியால் இயங்கும் இயந்திரங்களும் பெருகின. அவற்றில் ஒன்று நின்றால் முழு வரிசையும் நின்றுவிடும். எங்கே பிழை என்று கண்டுபிடித்துத் திருத்தத் தெரிந்த பராமரிப்புத் தொழினுட்பவியலாளர் வேண்டும். ஏற்கெனவே இருந்த அனுபவசாலிகள் ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தனர். அவர்களின் இடத்துக்கு ஆட்கள் கிடைக்கவில்லை.

2010 இல் ரொயோட்டா, அருகிலிருந்த புளூகிராஸ் சமுதாயத் தொழினுட்பக் கல்லூரியுடன் சேர்ந்து ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அயலிலிருந்த ஏனைய தொழிற்சாலைகளும் இதில் இணைந்தன. இத்திட்டம் ‘ஃபேம்’ என்ற பெயரில் பல மாநிலங்களுக்குப் பரவியது. 2019 இல் ரொயோட்டா இதனை அமெரிக்க உற்பத்தியாளர் சங்கத்தைச் சார்ந்த உற்பத்தி நிறுவகத்திடம் ஒப்படைத்தது.

திட்டம் நடக்கும் விதம் எளிமையானது. ஐந்து தவணைகள், அதாவது இரண்டு ஆண்டுகளுக்குள் முடியும் படிப்பு. வாரத்தில் இரண்டு நாள் கல்லூரியில் வகுப்பு, மூன்று நாள் தொழிற்சாலையில் வேலை. அந்த மூன்று நாள் வேலைக்கும் சம்பளம் உண்டு. அந்தச் சம்பளத்திலிருந்தே கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிக்கொள்ளலாம். எனவே கடன் இல்லாமல் படிப்பை முடிக்க முடியும். மின்சாரம், எண்ணெய் அழுத்தத்தாலும் காற்றழுத்தத்தாலும் இயங்கும் பொறிகள், வெல்டிங், கடைசல் வேலை, இயந்திரக் கட்டுப்பாட்டுக் கணினிகள், றொபோக்கள் என்று பல துறைகளையும் ஒருவரே கற்கிறார். வகுப்பில் திங்கட்கிழமை படித்த சுற்றை புதன்கிழமை தொழிற்சாலையில் கையால் தொட்டுப் பார்க்கிறார்.

இன்னொரு விடயத்தையும் இத்திட்டம் பாடமாகவே வைத்திருக்கிறது. நேரத்துக்கு வருதல், பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடித்தல், வேலை செய்யும் இடத்தை ஒழுங்காக வைத்திருத்தல், கூட்டாக வேலை செய்தல், ஒரு பிழையின் வேரைத் தேடிப் பிடித்தல் ஆகியவையே அவை. தொழிற்சாலை முகாமையாளர்களைக் கேட்டால் இயந்திர அறிவைப் போலவே இவற்றையும் முக்கியம் என்பார்கள்.

பயன் என்ன? கென்டக்கியின் ஃபேம் மாணவர்கள் பற்றி புரூக்கிங்ஸ் நிறுவனமும் ஒப்பர்சூனிட்டி அமெரிக்கா என்ற அமைப்பும் 2020 இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. ஃபேம் திட்டத்தில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய 80 வீதமானோர் படிப்பை முடித்திருந்தனர். அதில் சேராத ஏனைய மாணவர்களில் 29 வீதமானோரே முடித்திருந்தனர். படிப்பை முடித்து ஐந்து ஆண்டுகளின் பின், ஃபேம் மாணவர்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 98,000 டொலர் உழைத்தனர். மற்றவர்களின் உழைப்பு ஏறக்குறைய 53,000 டொலராக இருந்தது.

இந்த எண்களைப் பார்த்து உடனே மயங்கிவிடவும் கூடாது. ஃபேம் திட்டத்துக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுத்தே எடுக்கிறார்கள். கணித அறிவு பார்க்கப்படும், நேர்முகப் பரீட்சை நடக்கும். நன்றாகச் செய்யக்கூடியவர்களே உள்ளே வருகிறார்கள் என்பதால், கிடைத்த பலன் முழுவதையும் பயிற்சியின் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் ஒன்று உறுதி. படிக்கும்போதே சம்பளம் கிடைத்தால், படிப்புக்கு அப்பால் ஒரு வேலை கண்ணுக்குத் தெரிந்தால், இடையில் விட்டுப்போகிறவர்கள் குறைவார்கள்.

ஒரு தாயின் கதை

2012 ஜனவரியில் ஜனாதிபதி ஒபாமா நாடாளுமன்றத்தில் ஆற்றிய வருடாந்த உரையில் ஒரு பெண்ணைப் பற்றிக் குறிப்பிட்டார். வட கரோலினா மாநிலத்தைச் சேர்ந்தவர். தனியாக நின்று பிள்ளை வளர்க்கும் தாய். மெக்கானிக் வேலையில் இருந்தவர், ஆட்குறைப்பில் அதை இழந்தார். அக்காலத்தில் ஜேர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் சார்லட் நகரில் மின் உற்பத்திக்கான வாயுச் சுழலிகளைச் செய்யும் தொழிற்சாலையை நிறுவியது. சென்ட்ரல் பீட்மொன்ட் சமுதாயக் கல்லூரியுடன் சேர்ந்து, லேசர், றொபோ பற்றிய பாடநெறிகளை வகுக்க உதவியது. இந்தத் தாயின் கல்விக் கட்டணத்தைச் செலுத்தி, பின்னர் தனது தொழிற்சாலையிலேயே அவரை வேலைக்கு அமர்த்தியது. அன்றைய உரையின்போது அவர் ஜனாதிபதியின் மனைவி அமர்ந்திருந்த விருந்தினர் பகுதியில் இருந்தார். அத்தொழிற்சாலை 2020 இல் பிரிந்த சீமென்ஸ் எனர்ஜி நிறுவனத்தின் கையில் இப்போது இருக்கிறது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது நிகழ்ச்சிகளின் ஒழுங்கு. முதலில் வேலை இருந்தது. அந்த வேலைக்கு என்ன தெரிய வேண்டும் என்று தொழில்தருநர் கல்லூரிக்குச் சொன்னார். அதன் பிறகே பாடநெறி வந்தது. கட்டணத்தைத் தொழில்தருநரே கொடுத்ததால், அவருக்கும் அதில் ஒரு முதலீடு இருந்தது. பயிற்சி பெற்றவரை வேண்டாம் என்று தள்ளிவிட்டால் நட்டம் அவருக்கே.

அயல் மாநிலமான தென் கரோலினா இந்த வழியில் இன்னும் முன்பே இறங்கியது. பருத்தி ஆலைகளையே நம்பியிருந்த அம்மாநிலம் 1961 இல் தொழினுட்பக் கல்லூரி முறையைத் தொடங்கியது. ‘இங்கே தொழிற்சாலை போடுங்கள், உங்களுக்கு வேண்டிய ஆட்களை நாங்கள் பயிற்றுவித்துத் தருகிறோம்’ என்பதே அது வெளி நிறுவனங்களுக்குக் கூறிய செய்தி. ஜேர்மனியின் பீ.எம்.டபிள்யூ. நிறுவனம் 1992 இல் ஸ்பார்டன்பேர்க்கைத் தேர்ந்தெடுத்து, 1994 இல் அங்கு கார் செய்யத் தொடங்கியது. 2011 இல் அயலிலுள்ள தொழினுட்பக் கல்லூரிகளுடன் சேர்ந்து, படித்துக்கொண்டே பகுதி நேரம் தொழிற்சாலையில் வேலை செய்யும் மாணவர் திட்டத்தையும் ஆரம்பித்தது.

வேலை இல்லாத ஊரில் பயிற்சி

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். விஸ்கொன்சின் மாநிலத்தின் ஜேன்ஸ்வில் நகரம் பல தலைமுறைகளாக ஜெனரல் மோட்டர்ஸ் கார்த் தொழிற்சாலையை நம்பி வாழ்ந்தது. 2008 டிசம்பரில், நத்தாருக்கு இரண்டு நாள் முன்னதாக, அங்கு கார் உற்பத்தி நின்றது. அதற்குப் பொருட்கள் வழங்கிய சிறு தொழிற்சாலைகளும் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர்.

அரசாங்கம் அவர்களுக்குச் சொன்ன வழி, மீண்டும் படியுங்கள் என்பதுதான். பிளாக்ஹோக் தொழினுட்பக் கல்லூரிக்கு வேலை இழந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தனர். பாடசாலையை விட்டு இருபது, முப்பது ஆண்டுகள் ஆனவர்கள். அவர்களில் பலருக்குக் கணினியை இயக்கவும் தெரியாது. கல்லூரி தன்னால் இயன்ற எல்லாவற்றையும் செய்தது. ஆசிரியர்கள் உண்மையான அக்கறையோடு உழைத்தனர்.

ஊடகவியலாளர் ஏமி கோல்ட்ஸ்டீன் அந்த நகரில் பல ஆண்டுகள் தங்கிச் செய்திகளைத் திரட்டி, 2017 இல் ‘ஜேன்ஸ்வில்’ என்ற நூலை வெளியிட்டார். பொருளியலாளர்களுடன் சேர்ந்து அவர் செய்த கணக்கெடுப்பு பலரையும் அதிரவைத்தது. மீண்டும் படிக்கப் போனவர்கள், போகாதவர்களைவிட நல்ல நிலையில் இருக்கவில்லை. பார்க்கப்போனால் படித்தவர்களுள் வேலையில் இருந்தோர் குறைவு, அவர்களின் உழைப்பும் குறைவு. ஏனென்றால் ஊரில் எஞ்சியிருந்த கொஞ்ச வேலைகளையும் படிக்கப் போகாதவர்கள் முதலிலேயே பிடித்துக்கொண்டார்கள். படிப்பை முடித்து வெளியே வந்தவர்களுக்குக் கதவு திறக்க ஆள் இல்லை.

பயிற்சி நல்லதுதான். ஆனால் பயிற்சியால் வேலையைப் படைக்க முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் உதாரணம் இல்லை.

தொழில்தருநரின் வாக்குறுதி இருந்தாலும் அவதானம் வேண்டும். அதே விஸ்கொன்சின் மாநிலத்தில் 2017 இல் தாய்வானின் பொக்ஸ்கொன் நிறுவனம் 13,000 பேருக்கு வேலை தரும் தொழிற்சாலை வரும் என்றது. 2021 இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது அந்த எண்ணிக்கை 1,454 ஆகச் சுருங்கியது. ஒஹாயோ மாநிலத்தில் கணினிச் சில்லுகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றை இன்டெல் நிறுவனம் 2022 இல் அறிவித்தது. 2025 இல் உற்பத்தி தொடங்கும் என்று எதிர்பார்த்து அயல் கல்லூரிகள் பாடநெறிகளை ஆயத்தம் செய்தன. பின்னர் அந்தத் திகதி 2030 அளவுக்குத் தள்ளிப்போனது. ஒரு தொழிற்சாலையை மட்டும் நம்பிக் கற்ற திறன் அந்தத் தொழிற்சாலையோடு சேர்ந்து காத்துக் கிடக்கும். மின்சாரம், வெல்டிங், இயந்திரப் பராமரிப்பு போன்று எந்தத் தொழிற்சாலையிலும் செல்லுபடியாகும் திறனைக் கற்றவர் வேறிடம் தேடிப் போகலாம். ஃபேம் போன்ற திட்டங்களில் பல நிறுவனங்கள் கூட்டாகச் சேர்வது இந்தக் காரணத்தாலும் நல்லது.

பெண்களுக்கு இதில் இடம் எவ்வளவு?

அமெரிக்காவின் முழுத் தொழிலாளர் படையில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். உற்பத்தித் தொழிற்சாலைகளிலோ அவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதிலும் இயந்திரம் திருத்தும் வேலையில் இன்னும் மிகச் சிலரே. ஃபேம் போன்ற நல்ல திட்டங்களிலும் ஆண்களே பெருந்தொகையாக இருக்கிறார்கள்.

பெண்களால் முடியாது என்பதால் இப்படி இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஆண்கள் போர்முனைக்குப் போக, இலட்சக்கணக்கான அமெரிக்கப் பெண்கள் விமானத் தொழிற்சாலைகளிலும் கப்பல் கட்டும் தளங்களிலும் சேர்ந்தார்கள். சில வாரப் பயிற்சியோடு வெல்டிங் செய்தார்கள், ஆணி அறைந்தார்கள், விமானங்களைப் பொருத்தினார்கள். போர் முடிந்ததும் அவர்களில் பெரும்பாலோர் வேலையிலிருந்து அனுப்பப்பட்டார்கள். அவர்களின் திறமை மறைந்துவிடவில்லை. வேலை ஆண்களுக்கு என்று மீண்டும் ஒதுக்கப்பட்டது, அவ்வளவுதான்.

இன்று தடைகள் வேறு. முதலாவது பிள்ளை பராமரிப்பு. தொழிற்சாலையின் காலை வேலை ஆறு மணிக்குத் தொடங்கினால், பிள்ளையை அந்த நேரத்தில் ஏற்கும் பராமரிப்பு நிலையம் இருக்காது. இரண்டாவது போக்குவரத்து. மூன்றாவது, முழு வகுப்பிலும் ஒருத்தியே பெண்ணாக இருக்கும் தனிமை. ஆண்களின் அளவுக்குச் செய்த கையுறை, பாதணி முதலானவையும் சிறு விடயங்கள் அல்ல. கைக்குப் பொருந்தாத கையுறை இயந்திரத்தின் முன் ஆபத்தானது.

இவற்றுக்குத் தீர்வு தேடிய முயற்சிகளும் உண்டு. சிக்காகோவில் 1981 முதல் இயங்கும் பெண்கள் அமைப்பொன்று, தொழிற்பயிற்சிக்குப் போகுமுன் பெண்களுக்குக் கணிதம், கருவிகளைக் கையாளுதல், உடல் வலு ஆகியவற்றில் ஆயத்தப் பயிற்சி கொடுக்கிறது. இப்படியான அமைப்புகளுக்கு உதவ 1992 இல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமொன்றை இயற்றியது. 2023 இல், கணினிச் சில்லுத் தொழிற்சாலைகள் 15 கோடி டொலருக்கு மேல் அரச உதவி கேட்பதாயின், தமது தொழிலாளரின் பிள்ளைகளைப் பராமரிப்பதற்கான திட்டத்தையும் முன்வைக்க வேண்டும் என்று வர்த்தகத் திணைக்களம் விதித்தது. பிள்ளை பராமரிப்பைப் பெண்ணின் சொந்தப் பிரச்சினையாக ஒதுக்காது, தொழிற்சாலையின் திட்டத்திலேயே ஒரு பகுதியாகப் பார்த்தது பெரிய மாற்றம்.

எமது நாட்டில்

கட்டுநாயக்கவில் 1978 இல் சுதந்திர வர்த்தக வலயம் திறந்த நாளிலிருந்து, இலங்கையின் ஏற்றுமதித் தொழிற்சாலைகளைத் தாங்கி நிற்பவர்கள் பெண்களே. ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் வரிசை வரிசையாகப் பெண்கள் இருப்பார்கள். அந்த இயந்திரம் பழுதாகிவிட்டால் திருத்த வருபவர் பெரும்பாலும் ஆண். இயந்திரத்தை நாள் முழுவதும் இயக்குபவளைவிடத் திருத்துபவருக்குச் சம்பளம் கூட. இந்த ஒரு படியைத் தாண்டத்தான் பயிற்சி தேவை.

படித்துக்கொண்டே தொழிற்சாலையில் பழகும் முறை எமக்குப் புதிதன்று. சீமென்ஸும் பீ.எம்.டபிள்யூவும் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன ஜேர்மன் முறை, அதற்கு வெகு முன்னரே இலங்கைக்கு வந்துவிட்டது. ஜேர்மனியின் உதவியுடன் 1959 இல் தொடங்கிய தொழினுட்பப் பயிற்சி நிறுவகம் இன்று மொறட்டுவையில் இயங்குகிறது. ‘ஜேர்மன் டெக்’ என்று சொன்னால் தெரியாதவர் இல்லை. வடக்கில் கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் 2016 இல் திறக்கப்பட்டது. பயிலுநர்களைத் தொழிற்சாலைகளில் அமர்த்திப் பழக்குவதற்கென்றே தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள் மாவட்டம்தோறும் உள்ளன.

இவற்றோடு என்.வீ.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமை முறையும் உண்டு. இதில் ஏழு மட்டங்கள். நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். க.பொ.த. சாதாரண தரத்தில் சறுக்கிய பிள்ளையும் படிப்படியாக ஏறிப் பட்டம் வரை போவதற்கு இது வழி விடுகிறது. எந்தப் பயிற்சி நிலையமும் தன் பெயரில் ஒரு சான்றிதழை அச்சடித்துக் கொடுத்துவிடலாம். என்.வீ.கியூ. சான்றிதழுக்கோ நாடு முழுவதும் ஒரே அளவுகோல்.

சேருமுன் கேளுங்கள்

வாசக சகோதரிகளே, உங்கள் மகளை, தங்கையை, ஏன் உங்களையே ஒரு தொழிற்பயிற்சியில் சேர்க்குமுன் பின்வரும் கேள்விகளைப் பயிற்சி நிலையத்திடம் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். செலவாவது உங்கள் பிள்ளையின் வாழ்நாளில் ஓர் ஆண்டு.

1. இந்தப் பயிற்சியில் பங்காளியாக உள்ள தொழிற்சாலைகள் எவை? பெயர் சொல்ல முடியாவிட்டால், வேலை பற்றிய பேச்சு வெறும் நம்பிக்கையே.

2. தொழிற்சாலையில் எத்தனை மாதம் பழக வேண்டும்? அக்காலத்தில் கொடுப்பனவு உண்டா? எவ்வளவு?

3. சென்ற முறை படித்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள்? அவர்களில் எத்தனை பேர் இன்று அந்தத் தொழிலில் இருக்கிறார்கள்? முடிந்தால் அவர்களில் இருவரைச் சந்தித்துப் பேசுங்கள்.

4. சான்றிதழ் என்.வீ.கியூ. தகைமை கொண்டதா? எத்தனையாம் மட்டம்? நிலையமும் பாடநெறியும் மூன்றாம் நிலை மற்றும் வாழ்க்கைத் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதியப்பட்டவையா?

5. கற்கும் திறன் ஒரு தொழிற்சாலைக்கு மட்டும் உரியதா, வேறிடங்களிலும் செல்லுபடியாகுமா?

6. வகுப்பில் எத்தனை பெண்கள்? தங்குமிடம், மலசலகூடம், இரவு வேலையாயின் வாகன வசதி என்பன எப்படி? தொந்தரவு நேர்ந்தால் யாரிடம் முறையிடலாம்?

7. வேலையில் சேர்ந்த பின் நியமனக் கடிதம், ஊழியர் சேமலாப நிதி ஆகியவை கிடைக்குமா? பயிலுநர் என்ற பெயரில் குறைந்த கொடுப்பனவோடு எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள்?

கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. தொழில்தருநர் பயிற்சியில் கைகோப்பது நல்லது. ஆனால் மலிவான கூலிக்கு ஆள் பிடிக்கும் வழியாக அது மாறிவிடவும் கூடும். பயிலுநர் காலத்துக்கு ஒரு முடிவுத் திகதியும், முடித்ததும் கூடிய சம்பளமும் எழுத்தில் இருக்க வேண்டும்.

சங்கங்கள் செய்யக்கூடியவை

தனி ஒருவர் கேட்டால் பதில் சொல்லாத நிறுவனமும் ஒரு சங்கம் கேட்டால் பதில் சொல்லும். ஊரிலுள்ள மாதர் சங்கங்களும் நலன்புரி அமைப்புகளும் புதிய பயிற்சி வகுப்பொன்றைத் திட்டமிடும்போது, பிரதம விருந்தினராக யாரை அழைப்பது என்று யோசிப்பதற்கு முன், அயலிலுள்ள தொழிற்சாலையின் முகாமையாளரை அழையுங்கள். நெசவாலை, அரிசி ஆலை, மீன் பதனிடும் நிலையம், ஆடைத் தொழிற்சாலை, வாகனத் திருத்தகம் என்று எதுவாகவும் இருக்கலாம். உங்களுக்கு எப்படிப்பட்ட ஆட்கள் வேண்டும், எத்தனை பேர் வேண்டும், என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அவரிடம் கேளுங்கள். அவரது பதிலைக் கொண்டு பாடத்தை வகுக்கலாம். பத்துப் பேருக்குத்தான் வேலை உண்டென்றால், அந்த வேலைக்கென்று பத்துப் பேரைப் பயிற்றுவித்தால் போதும். நாற்பது பேரைச் சேர்த்து முப்பது பேரின் நம்பிக்கையைக் கெடுக்கத் தேவையில்லை.

வகுப்பு நடக்கும் நாட்களில் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரையோ ஊரின் மூத்த பெண்மணிகள் இருவரையோ ஒழுங்கு செய்வதும் சங்கத்தால் முடிந்த காரியமே. அமெரிக்காவில் சட்டம் போட்டுக் கேட்ட வசதியை எமது ஊரில் அயலவர் உறவால் செய்துவிட முடியும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மகள் மின்சாரம் படிக்கிறாள், வெல்டிங் பழகுகிறாள், இயந்திரம் திருத்துகிறாள் என்று சொன்னால் முகம் சுளிக்க வேண்டாம். தையல் இயந்திரத்தைத் திருத்தத் தெரிந்த பெண்ணுக்கு ஊரிலேயே நூறு வீட்டில் வேலை இருக்கிறது. அடுத்த முறை பயிற்சி அறிவித்தல் ஒன்று உங்கள் கண்ணில் பட்டால், விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதற்கு முன் மேலேயுள்ள ஏழு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அவற்றுக்கு நேராகப் பதில் சொல்லும் நிலையத்தில் பிள்ளையைச் சேருங்கள்.